குறைந்த செலவில் கேக் அலங்காரம்: எதை வாங்கலாம்? எதை விடலாம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. என் அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். அந்தக் காசில்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் சாமான் பட்டியல் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பாக்கெட்டில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் என் வேலை. அதில் பட்டதையும் படித்ததையும் இக்கட்டுரையில் காண்போம்.

நூறு பீஸ் செட்

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கினார். டவுனில் ஒரு கடைக்காரர், "இது ஒண்ணு வாங்கிட்டா போதும்மா, வேற எதுவும் வேணாம்" என்று நூறு பீஸ் கொண்ட ஒரு செட்டைக் கொடுத்தார். விலை 1,400 ரூபாய். பெட்டியைத் திறந்து பார்த்தால் நாசில் மட்டுமே ஐம்பதுக்கு மேல்! அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது ஆர்டர், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். வெள்ளை கிரீமில் ரோஜா சுற்றி முடித்துப் பார்த்தால் இதழ் ஓரத்தில் பழுப்புக் கோடு. நாசிலின் மடிப்புக்குள் துரு! முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வாரம் குழுவுக்குத் தவணை கட்ட வேண்டிய வாரம். அம்மா என்னைத் திட்டவில்லை, கடைக்காரரையும் திட்டவில்லை. பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டுவிட்டார். அன்று ராத்திரிதான் நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

நாசில்: இரண்டே போதும்

அந்த ஐம்பதில் நாங்கள் உண்மையாகப் பயன்படுத்தியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு. அதிலும் இரண்டைக் கழித்துவிடலாம். எப்படி?

கேக்கில் பெயர் எழுத, புள்ளி வைக்க நாசிலே வேண்டாம். பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டி, மருதாணிக் கோன் மாதிரி சுருட்டி, நுனியை நேராக வெட்டினால் கோடு வரும். அதே நுனியைத் தட்டையாக அழுத்தி, அம்பு முனை மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டினால் இலை வரும். ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு: பெரிய நட்சத்திர நாசில் (1எம் என்று கேளுங்கள்), ரோஜா இதழ் நாசில் (104 என்று கேளுங்கள்). இவை உதிரியாகவே கிடைக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பக்கவாட்டு இணைப்பு. இடைவெளி தெரிந்தால் தண்ணீர் உள்ளே தங்கும், துரு பிடிக்கும். இரண்டு, உலோகம். "காந்தம் ஒட்டினா மட்டம்" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. நம் மெட்டீரியல் பாடத்தில் படித்ததுதான்: 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும், ஆனால் இரண்டும் துருப்பிடிக்காத எஃகே. ஆகவே முதலில் ஒன்று மட்டும் வாங்கி, ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் இரண்டாவது வாங்காதீர்கள். நல்ல நாசிலாக இருந்தாலும் கழுவியவுடன் துடைத்துக் காய வைக்க வேண்டும்.

சுழல் மேடை: நான் தோற்ற கதை

கேக்கை வைத்துச் சுற்றும் மேடைக்கு எதற்குக் காசு, நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். பழைய 6204 பால் பேரிங் ஒன்றின்மேல் வட்டப் பலகையைப் பொருத்தினேன். சுற்றியது. கூடவே ஆடியது! கிரீமைச் சமன் செய்தால் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு. எங்கள் ஒர்க்ஷாப் ஐயா பார்த்துச் சிரித்துவிட்டு, "ஓரத்துல பாரம் ஏறினா ஒத்த பேரிங் தாங்குமாடா? இடைவெளி விட்டு ரெண்டு போடணும்" என்றார். இரண்டு புது பேரிங், ஷாஃப்ட், கடைசல் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். கடையில் பிளாஸ்டிக் மேடை 250 ரூபாய். என் கணக்கு அதைத் தாண்டியது. பேசாமல் வாங்கிவிட்டோம். நாமே செய்தால் மலிவு என்பது எப்போதும் சரியாக வராது. அதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பக்கவாட்டைச் சமன் செய்யும் ஸ்கிரேப்பர் வாங்கவில்லை. புது ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கொதிநீரில் கழுவிச் சமையலுக்கென்றே தனியாக வைத்திருக்கிறோம். டிராயிங் ஹாலில் புழங்கிய ஸ்கேலைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்!

சிக்கனம் பார்க்கக் கூடாத மூன்று

1. தராசு. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். "கண்ணளவு" என்று போட்ட காலத்தில் கேக்குக்குக் கேக் கிரீம் கூடிக்கொண்டே போனது. எடை போட ஆரம்பித்த பிறகே ஒரு கேக்குக்கு என்ன செலவு என்பது எங்களுக்குத் தெரிந்தது.

2. குளிர்ச்சி. பால் சேராத விப்பிங் கிரீம் பாக்கெட்டில், மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும், உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது. மிச்சத்தை மீண்டும் உறைய வைத்தார், அடுத்த முறை அது நுரைத்து எழும்பவே இல்லை. வீட்டு ஃபிரிட்ஜ், அதுவும் ஒற்றைக் கதவு என்றால், அந்தக் குளிரைத் தருவது கடினம். எனவே சேர்த்து வாங்காதீர்கள். ஆர்டர் வந்தபின் வாங்கி, இட்லி வைக்கும் ஹாட்பாக்ஸில் ஐஸ் போட்டுக் கொண்டு வாருங்கள். சூட்டை வெளியே விடாத பெட்டி, வெளிச்சூட்டை உள்ளேயும் விடாது. கிரீமை முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விட வேண்டும். அடிக்கும் பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். மிக்ஸியில் அடித்தால் சூடேறிக் கெட்டுவிடும். கையில் பிடிக்கும் சாதாரண பீட்டர் போதும்.

3. நிறம். பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத பொடி வேண்டவே வேண்டாம். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை வந்தது நினைவிருக்கும். அது துணிக்குப் போடும் சாயம். லேபிளில் நிறத்தின் பெயரும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். மினுக்கும் பொடியில் "நச்சு இல்லை" என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடத் தகுந்தது என்று அர்த்தமில்லை. வெளிர் சிவப்புக்கு இரண்டு சொட்டு பீட்ரூட் சாறே போதும்.

பழகுவதற்குக் கிரீம் எதற்கு?

கை பழகக் கிரீமை வீணாக்காதீர்கள். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்துக் கோனில் நிரப்பி, கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் பிழியுங்கள். சரியாக வரவில்லையா? வழித்தெடுத்து மறுபடியும் பிழியலாம். கடைசியில் அதுவே போண்டாவாகிவிடும். என் தங்கை நூறு ரோஜா பழகியது இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு

எந்தச் சாமானையும் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது எத்தனை கேக்குக்கு உழைக்கும் என்று வகுத்துப் பாருங்கள். 40 ரூபாய் நாசில் 40 கேக்குக்கு வந்தால் கேக்குக்கு ஒரு ரூபாய். 1,200 ரூபாய் பீட்டர் 100 கேக்குக்கு வந்தால் 12 ரூபாய். பரண்மேல் கிடக்கும் சாமானை எதால் வகுப்பது? இந்தத் தேய்மானக் கணக்கைக் கேக் விலையிலும் சேர்க்க வேண்டும். எங்கள் அம்மா முன்பு மாவு, முட்டை, சர்க்கரை விலையை மட்டுமே கூட்டினார். இன்னொன்று, வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முடிவுரை

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. எங்கள் வீட்டில் கூடம் கோணல் இல்லை, கூடம் நிறையச் சாமான் வாங்கியதுதான் கோணல். ஆர்டர் வரட்டும், அதற்கு வேண்டியதை வாங்குவோம் என்பதே இன்று எங்கள் வழக்கம். குழுக் கடன் போன மாசி மாதம் அடைந்தது. அந்தப் பழைய பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. தூக்கிப் போடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்டா, அதைப் பாத்தா கை தானா மடியில இருக்கிற காசை இறுக்கிப் பிடிக்குது" என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ இந்தத் தொழிலைத் தொடங்கினால், கடைக்குப் போகும்போது கூடப் போங்கள். லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் உதவ வேண்டிய இடம் நம் வீட்டு அடுப்படிதானே!