நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி: இங்கு ஏன், ஊரில் ஏன்?

அண்மையில் எனது சிகிச்சை நிலையத்திற்கு வந்த ஒரு அம்மா, தனது மருந்துச் சீட்டை வாங்கிய பின் எழும்பாமல் இருந்து கேட்டார்: "டொக்டர், இந்த நாட்டில விசர்நாயே இல்லையாம். பிறகேன் எங்கட நாய்க்கு வருஷா வருஷம் ஊசி? காசுக்குத்தானே?" ரெய்னர்ஸ் லேன் பகுதியில் நாய், பூனை வளர்க்கும் எம்மவர் வீடுகள் இப்போது பல. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு எல்லோருக்குமாக இங்கு பதில் எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1922ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானியாவின் நாய், பூனைகளிடையே விசர்நோய் இல்லை. சில வௌவால்களில் மட்டும் அதற்கு நெருங்கிய வைரஸ் உண்டு. எனவே விசர் ஊசி இங்கு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் ஊரில் நாய்க்கு ஊசி என்றால் விசர் ஊசி ஒன்றுதான் என்று பழகிவிட்ட நாம், இங்கு போடப்படுவது வேறு ஊசிகள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கு போடப்படும் ஊசிகள்

நாய்களுக்கு நான்கு நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போடுவார்கள். பார்வோ வைரஸ், டிஸ்ரெம்பர், ஈரல் அழற்சி, லெப்டோஸ்பைரோசிஸ் என்பன அவை. பார்வோ, குட்டிகளை இரத்த வயிற்றோட்டத்தால் சில நாட்களிலேயே கொல்லக்கூடியது. அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்வாழும். எமது சப்பாத்தில் ஒட்டி வீட்டிற்குள்ளும் வரும்.

நான்காவதுதான் நாம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று அறிந்த நோய். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பலரின் உயிரைப் பறித்ததும் இதுவே. எலியின் சிறுநீர் கலந்த நீரில் இக்கிருமி இருக்கும். ரொக்ஸ்பேர்ன் பூங்காவில் உலாவும் நாய் ஓடை நீரையோ தேங்கிய நீரையோ குடித்தால் அதற்குத் தொற்றலாம். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றலாம். ஆகவே இந்த ஊசி உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பாதுகாப்பு.

பூனைகளுக்குப் பூனைக் காய்ச்சல், குடலழற்சி ஆகியவற்றுக்கும், வெளியே திரிபவற்றுக்கு லுக்கீமியா வைரஸுக்கும் ஊசி உண்டு. வீட்டிற்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் ஊசி வேண்டும். கிருமி எமது காலணியோடு வரக்கூடும்.

எப்போது போடுவது?

குட்டிகளுக்கு ஏறக்குறைய எட்டு வாரத்தில் முதல் ஊசியும், சில வாரங்களின் பின் இரண்டாவதும் போடப்படும். ஒரு வருடத்தில் ஊக்க ஊசி. அதன்பின் நாய்களுக்குப் பெரும்பாலான ஊசிகள் மூன்று வருடத்திற்கு ஒருமுறை போதும். ஆனால் எலிக்காய்ச்சல் ஊசி வருடந்தோறும் அவசியம், ஏனெனில் அதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு வருடமே நிற்கும். பல மாதங்கள் தவறவிட்டால் மீண்டும் முதலிலிருந்து இரண்டு ஊசிகள் போட நேரலாம். அரச உதவிப்பணம் பெறும் குடும்பங்கள், தமக்குச் சலுகை உண்டா என்று பி.டி.எஸ்.ஏ. போன்ற தொண்டு நிறுவனங்களிடம் விசாரிக்கலாம்.

ஊருக்குப் போகும்போது

தொண்ணூறுகளில் வடக்கில் மருத்துவ மாணவனாக இருந்தபோது ஒரு சிறுவனைப் பார்த்தேன். தண்ணீர்க் கோப்பையைக் கண்டதும் அவனது தொண்டை இறுகியது. கடித்தது தெருநாய் அல்ல, அவன் வளர்த்த குட்டி. அதற்கு ஊசி போடப்படவில்லை. சிறு கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டிருந்தார்கள். நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அவனது தாயின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியாலும் கடிபட்டோருக்கான சிகிச்சையாலும் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் நோய் ஒழியவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2025இல் இங்கிலாந்துப் பெண் ஒருவர், மொரோக்கோவில் ஒரு நாய்க்குட்டி இலேசாகக் கீறியதால் மாதங்கள் கழித்து இங்கு உயிரிழந்தார்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் எம் பிள்ளைகள், இங்குள்ள நாய் என்றே எண்ணி அங்குள்ள நாயையும் கட்டிப்பிடிப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடித்தாலும், கீறினாலும், புண்ணில் நக்கினாலும்:

1. உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள்.
2. மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.
3. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். இலண்டன் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.
4. போட்ட ஊசிகளின் விபரத்தை எழுதி வாங்கி வந்து, மிகுதியை உங்கள் குடும்ப வைத்தியர் மூலம் முடியுங்கள்.

பயணத்திற்கு முன் விசர் ஊசி போட்டவர்களும் கடிபட்டால் மீண்டும் ஊசி போட வேண்டும். அறிகுறி தோன்றிய பின் மருந்தில்லை. அதற்கு முன் சிகிச்சை பெற்றால் காப்பாற்றலாம்.

செல்லப்பிராணியுடன் பயணம்

ஊரிலிருந்து நாயைக் கொண்டுவர விரும்புவோர், முதலில் மைக்ரோசிப், பின் விசர் ஊசி, குறைந்தது 30 நாட்களின் பின் இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்ற ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். ஒரு படி பிழைத்தாலும் பிராணி தனிமைப்படுத்தலுக்குப் போகலாம். ஆறு மாதங்களுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

அந்த அம்மா வீட்டிற்குப் போய்த் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தார். கடைசி ஊசி போட்டு இரண்டு வருடம் கடந்திருந்தது. உங்கள் வீட்டு அட்டையையும் இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.