ரெசினில் வார்த்துக் கடையும் மிளகு கிரைண்டர்: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரத்தில்

மிளகு கிரைண்டரில் உள்ளவை மூன்று: மிளகு நிறையும் உடல், கையால் திருகும் தலை, இரண்டையும் ஊடுருவி அடியிலுள்ள பற்களைச் சுழற்றும் தண்டு. பிரான்சின் பெஜோ நிறுவனம் 1874இல் தன் மிளகு கிரைண்டரை வெளியிட்ட காலத்திலிருந்து இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. தண்டும் பற்களும் சேர்ந்த அரைவை ஒரு செட்டாக விற்கப்படுகிறது. உடலையும் தலையையும் செய்வதே கடைசல்காரரின் வேலை. மரத்துண்டு, சிரட்டை, விதை முதலியவற்றை ரெசினில் பதித்துக் கட்டையாக வார்த்து, அதை லேத்தில் கடைந்தால் கடையில் கிடைக்காத நிறமும் ரேகையும் கிடைக்கும்.

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஆட்டிவைப்பது காற்றின் ஈரம். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வறண்ட குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் ரெசினில் நுரை பொங்கும், மரமும் ரெசினும் சேருமிடத்தில் வெடிப்பு விழும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

எளிதில் கிடைப்பது பால்மரம். தோட்டங்களில் 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரங்கள் முன்பு விறகாகத்தான் போயின. 1980களிலிருந்து அதே மரம் மலேசியத் தளவாடத் தொழிலுக்கு ஆதாரமாகிவிட்டது. வெளிர்நிறம், குறைந்த சுருக்கம், சீராகக் கடைபடும் தன்மை ஆகியவை அதன் பலம். மாவுச்சத்து மிகுந்திருப்பதால் வண்டு துளைப்பது அதன் பலவீனம். அதற்காக அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். பதப்படுத்தாத தோட்டத்துக் கட்டையில் மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள்.

மஞ்சள் ஓடும் பலா, கரும்புள்ளிகள் நிறைந்த தென்னை, புயலில் முறிந்து விழும் சாலையோரத் தூங்குமூஞ்சி ஆகியவையும் ரெசினுடன் நன்றாகப் பொருந்தும். ரெங்காஸ் மரத்தைத் தவிர்க்க வேண்டும். சிவந்த அழகு இருந்தாலும் அதன் பால் தோலில் கொப்புளம் கிளப்பும்.

விதைகளில் சிவப்புக்குப் பெயர்பெற்றது மஞ்சாடி. மலாய்க்காரர்கள் இதைச் சாகா என்பார்கள். இதையும் குன்றிமணியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முழுச்சிவப்பாக இருப்பது மஞ்சாடி. கறுப்பு முனையுள்ள சிவப்பு விதை குன்றிமணி. அதன் ஓட்டுக்குள் அப்ரின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. கடையும்போது விதை பிளந்து தூளாகும் என்பதால், உணவுப் பாத்திரத்தில் அதற்கு இடமே இல்லை.

உலர்த்துதல்

காற்றில் உலர்ந்த மரம் இங்கே 14 முதல் 16 விழுக்காடு ஈரத்தோடு நின்றுவிடும். ரெசினுக்கு அது அதிகம். பாலியூரிதேன் ரெசின் நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதால் மரத்தை ஒட்டி நுரை கட்டும். எப்பாக்சி அவ்வளவு கோபப்படாது. ஆனால் ஈரக்காற்றில் இறுகும்போது அதன்மேல் மெழுகுபோன்ற ஒரு படலம் படியலாம். அடுத்த அடுக்கை ஊற்றுமுன் அதைத் துடைத்துத் தேய்க்காவிட்டால் பிடிப்பு இருக்காது.

உலர்ந்ததா என்று அறிய எடைத்தராசே போதும். மரத்துண்டை எடைபோட்டு 105 டிகிரி செல்சியசில் அவனில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் எடைபோட வேண்டும். எடை குறைவது நின்றால் ஈரம் போய்விட்டது. 575 கிராம் துண்டு 500 கிராமில் நின்றால், இழந்த 75 கிராமை 500ஆல் வகுக்க 15 விழுக்காடு ஈரம் இருந்தது தெரியும். வெளியே எடுத்ததும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் இழுக்கத் தொடங்கும். சூடாக இருக்கும்போதே காற்றுப்புகாத பையில் கட்டி, ஆறியதும் அன்றே வார்ப்பது நல்லது.

வார்த்தல்

6 சென்டிமீட்டர் சதுரமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கட்டையின் கொள்ளளவு 720 மில்லிலிட்டர். பாதி மரமென்றால் 360 மில்லிலிட்டர் ரெசின் வேண்டும். கசிவுக்கும் ஒட்டலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். மரம் ரெசினில் மிதக்கும் என்பதால் அச்சின் அடியில் பசையால் ஒட்டிவிட வேண்டும். சிரட்டையும் விதையும் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் மெல்லிய ரெசின் பூச்சு கொடுத்து இறுகவிட்டால் குமிழிகள் பெருமளவு குறையும்.

வெப்பமும் கணக்கில் சேரும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கலந்த ரெசின் ஊற்றத்தக்க நிலையில் இருக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 20 டிகிரிக்குச் சொல்லப்பட்ட 40 நிமிடம், கிள்ளானின் நண்பகலில் 20 நிமிடம்தான். கலப்பதை விடியற்காலைக்கோ குளிர்சாதன அறைக்கோ மாற்றிக்கொள்வது வழக்கம்.

குமிழியை நசுக்க, அச்சை அழுத்தக் கலத்தில் வைத்து 40 முதல் 60 பிஎஸ்ஐ காற்றில் இறுகவிடுவார்கள். கலத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது. இங்கே கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றே ஈரமானது. தொட்டியில் தேங்கும் நீரை வார்ப்புக்கு முன் வடித்து, குழாயில் நீர்ப்பிடிப்பான் பொருத்தாவிட்டால் அந்த ஈரம் நேரே ரெசினுக்குள் போகும்.

துளையிடுதலும் கடைதலும்

வெளிப்புறத்தைக் கடையுமுன் உட்துளை. செட்டோடு வரும் அளவுத்தாளே இறுதியானது. தண்டு வகை அரைவைகள் பலவற்றில் உடலின் துளை 27 மில்லிமீட்டர், அடியில் பற்கள் அமரும் படி 41 மில்லிமீட்டர். பெரிய துளையை முதலில் போட வேண்டும். சிறியதை முதலில் போட்டால் பெரிய பிட்டின் நடுமுனை ஊன்ற இடமிருக்காது. லேத் நிமிடத்துக்கு 250 முதல் 500 சுற்றுக்குள் ஓட, பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலைத் தட்ட வேண்டும். வார்ப்பு எப்பாக்சிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சூடேறினால் துளை கோணலாகும், கட்டை விரிசல் விடும்.

கடையும்போது உளியின் கூர்மையைச் சீவலே சொல்லிவிடும். நாடாவாகச் சுருண்டு வந்தால் கூர் இருக்கிறது. சில்லாகத் தெறித்தால் தீட்ட வேண்டும். மரமும் ரெசினும் மாறிமாறி வருவதால் சுரண்டு உளியை மென்மையாக வைத்து மெல்லிய சீவலாக எடுப்பது பாதுகாப்பு. விதையும் சிரட்டையும் பிளக்குமிடத்தில் தோன்றும் பள்ளத்தை நீர்த்த சூப்பர் குளூவால் நிரப்பி மறுபடி கடையலாம். முழுமுகக் கவசமும் தூசு முகமூடியும் கட்டாயம். இறுகாத ரெசினைக் கையுறையில்லாமல் தொடுவது நாளடைவில் ஒவ்வாமை தரும்.

மூடி முடித்தல்

முற்றிலும் உலர்த்திய மரம் வார்ப்புக்குச் சாதகம். முடிந்த பொருளில் அதுவே ஆபத்து. காற்றின் ஈரத்தை மெல்ல வாங்கி மரம் உப்பும், ரெசின் அசையாது. பளபளப்பாக்கிய வெளிப்புறத்தை மட்டும் பூசிவிட்டு உட்துளையை விட்டுவிட்டால் ஈரம் உள்ளிருந்தே ஏறும். துளையின் சுவர், அடி, தலையின் உட்புறம், குறுக்குவெட்டு முனைகள் எல்லாவற்றையும் உணவுக்கு ஏற்ற பூச்சால் மூட வேண்டும். உள்ளே அக்ரிலிக் குழாய் செருகினால் மிளகு ரெசினையோ பதப்படுத்திய மரத்தையோ தொடாது. வெளிப்புறத்தை ஈரத்தாளால் தேய்க்கையில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் பயன்படுத்தலாம்.

அரைவையில் எஃகுப் பற்கள் மிளகுக்கு ஏற்றவை. உப்புக்குப் பீங்கான் பற்களே வேண்டும், எஃகு துருப்பிடிக்கும். ஆனால் 75 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதத்தில் உப்பு தானே நீர்த்துப் போகும் என்பதால், இவ்வட்டாரத்தில் உப்பு கிரைண்டர் அடைத்துக்கொள்வது இயல்பு. மிளகுக்கு அந்தத் தொல்லை குறைவு. சரவாக் மிளகை வெயிலில் நன்கு காயவைத்து, ஒரு வாரத் தேவைக்கு மட்டும் நிரப்புவது போதும். ஆவி எழும் ரசச் சட்டிமேல் பிடித்துத் திருகாமல் தட்டில் அரைத்துத் தூவ வேண்டும். சுத்தம் செய்ய உலர்ந்த தூரிகை. தண்ணீரில் கழுவுவது கூடாது.