முதலில் கூட்டைப் பாருங்கள்

ஜோகுபாளையத்திலிருந்து துப்பாக்கிப் பயிற்சிக்குப் புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு,

அல்சூர் ஏரியை ஒட்டி எம்.இ.ஜி. ராணுவ மையம் இருப்பதால் நம் பேட்டையில் துப்பாக்கி என்றால் யாரும் மிரள்வதில்லை. உங்களில் பலர் என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் ரைபிள் பிடித்தவர்கள். அதில் போல்ட்டைக் கையால் இழுத்துக் கையால் தள்ளுவோம். தோட்டா கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கைபலம் சரிக்கட்டிவிடும். 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டலில் அப்படி இல்லை. பழைய கூட்டை வெளியே எறிவதும் புதுத் தோட்டாவை உள்ளே ஏற்றுவதும் வெடித்த தோட்டாவின் வேகத்திலேயே நடந்தாக வேண்டும். இது தெரியாமல்தான் "தாத்தா, கன் ஜாம் ஆகுது, ஸ்பிரிங் மாத்தணுமா?" என்று வந்து நிற்கிறீர்கள். ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: ஸ்பிரிங்குக்குக் காசு செலவழிக்கும் முன் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள்.

1. ஜாம் ஆன பிஸ்டலைக் கொண்டு வருகிறவர்கள் சுட்ட கூடுகளைக் கொண்டு வருவதில்லை. ராணுவ ரேஞ்சுகளில் கூடுகளை எண்ணி ஒப்படைப்பது கணக்குக்காக. உங்களுக்கு அது நோய் கண்டுபிடிக்க. விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிய்த்த தடம் இருந்தால் கூடு சேம்பரை விட்டு வர மறுத்திருக்கிறது. அடிப்பக்கம் வயிறு போல உப்பியிருந்தால் போல்ட் முழுதாக மூடாமலே வெடித்திருக்கிறது. அது ஆபத்து, அன்றைக்குச் சுடுவதை அத்தோடு நிறுத்துங்கள். பக்கவாட்டில் நீளமாகக் கரி படிந்திருந்தால் வெடிப்பின் அழுத்தம் போதாமல் கூடு சேம்பர் சுவரோடு ஒட்டவில்லை, புகை பின்னால் கசிந்திருக்கிறது. ஊசி குத்திய பள்ளம் ஆழமா, லேசா என்றும் பாருங்கள். தகராறு செய்த கூடு பத்தையாவது வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த மெக்கானிக்கும் சொல்லாததை அவை சொல்லும்.

2. பெட்டியில் .22 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். .22 ஷார்ட் 1857-இல் வந்தது. அதன் கூடு 10.7 மி.மீ. நீளம். 1887-இல் வந்த .22 லாங் ரைபிளின் கூடு 15.6 மி.மீ. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியைக் குட்டையான ஷார்ட் தோட்டாவில்தான் சுட்டார்கள். உதை குறைவு என்பதால். 2005 முதல் லாங் ரைபிள் கட்டாயமானது. பழைய வால்டர் ஓ.எஸ்.பி. எங்காவது கண்ணில் பட்டால் அது ஷார்ட்டுக்கு உரியது. அதே முகஜாடையில் இருக்கும் ஜி.எஸ்.பி. லாங் ரைபிளுக்கு உரியது. பார்த்தால் அண்ணன் தம்பி. தோட்டாவை மாற்றிப் போட்டால் இரண்டும் வேலை செய்யாது.

லாங் ரைபிள் சேம்பரில் ஷார்ட் தோட்டாவைக் கையால் வைத்துச் சுடலாம்தான். சுட்டால், கூடு முடிகிற இடத்துக்கு அப்பால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு சரியான நீளமுள்ள தோட்டாவைப் போடும்போது அந்த வளையத்தில் இடித்து நிற்கும், அல்லது வெடித்த கூடு அங்கே கவ்விக்கொள்ளும். நீளக் கோளாறு எதிர்ப்பக்கமும் உண்டு. சி.சி.ஐ. நிறுவனத்தின் ஸ்டிங்கர் தோட்டாவின் கூடு ஏறத்தாழ 18 மி.மீ. பெட்டியில் லாங் ரைபிள் என்றே இருக்கும், வேகமும் அதிகம். ஆனால் போட்டித் துப்பாக்கியின் சேம்பர் இறுக்கமாகக் கடைந்தது. கூட்டின் வாய் ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தில் போய் நெருக்கப்படும். அழுத்தம் ஏறும், கூடு வெளியே வராது. அது வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

3. ரிம்ஃபயர் தோட்டாவில் எல்லாமே விளிம்புதான். சேம்பரில் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று நிறுத்துவதும் அதுவே, தீப்பற்றும் மருந்து இருப்பதும் அதற்குள்ளேயே. விளிம்பின் கனம் 1.1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். தடித்தால் போல்ட் முழுதாக மூடாது. மெலிந்தால் ஊசியின் அடி பாதி வீணாகும். மலிவுத் தோட்டாக்களில் மருந்து விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பரவாமல் ஓர் இடம் வெறுமையாக இருப்பதும் உண்டு. ஊசி அங்கே விழுந்தால் வெடிக்காது. பயிற்சியில் அப்படி ஆனால், காத்திருந்து வெளியே எடுத்து, தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். வெடித்தால் குற்றம் தோட்டாவினுடையது. அதே பெட்டியைப் போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

4. ரேபிட் ஃபயரில் குண்டின் எடை 2.53 கிராமுக்குக் குறையக் கூடாது, சராசரி வேகம் விநாடிக்கு 250 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உதை குறையட்டும் என்று அதற்கும் மெதுவான தோட்டா தேடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதைப் போட்டால் போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். வெற்றுக் கூடு வெளியேறும் வழியில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நிற்கும். ஜாம்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

5. .32-க்குப் போகிறவர்கள் இன்னும் நிதானமாக இருங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தாரே, அந்த சென்டர் ஃபயர் போட்டியில் பலரும் சுடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டர். குண்டு கூட்டின் வாயோடு தட்டையாக அமிழ்ந்திருக்கும், நீளம் 23.4 மி.மீ. அளவு. நம் நாட்டு .32 ரிவால்வர் தோட்டாவுக்கும் கூடு அதேதான், ஆனால் குண்டின் உருண்டை மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிவால்வரில் சரி, வாட்கட்டர் பிஸ்டலின் மேகசினுக்குள் அது அடங்காது. தட்டிக் கொட்டி அடக்கப் பார்த்தவர்களும் உண்டு!

இன்னொன்று. இது விளிம்பு வைத்த தோட்டா. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் தள்ளும்போது கீழேயிருப்பது மேலேயிருப்பதை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய .303 காலத்துச் சிப்பாய்களும் இதே கஷ்டம் பட்டவர்கள்தான். ஒவ்வொன்றையும் பொறுமையாக, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ளி ஏற்றுங்கள். ஏற்றியதும் பக்கத்துத் துளை வழியே பார்த்துவிடுங்கள்.

6. எந்த பிராண்ட் தோட்டா நல்லது, ஈலியா, எஸ்.கே.யா, ஆர்.டபிள்யூ.எஸ்.ஸா என்று சண்டை போடாதீர்கள். நண்பனின் பார்டினி பிஸ்டல் விரும்பித் தின்பதை உங்கள் பார்டினி துப்பலாம். ஒரே பிராண்டிலும் லாட் மாறினால் விளிம்பும் மெழுகும் கொஞ்சம் மாறும். ஒத்துப்போகிற லாட் கிடைத்தால், உரிமத்தில் எவ்வளவு அனுமதியோ அதற்குள் சேர்த்து வாங்கிப் போட்டிக்கென்று ஒதுக்குங்கள்.

7. தோட்டா மேல் பூசியிருக்கும் மெழுகில் தூசி ஒட்டும். கீழே விழுந்ததை ஊதிவிட்டுப் போடாதீர்கள். மே மாதத்தில் கார் டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

8. போட்டியில் ஜாம் ஆனால் கை தானாகப் போல்ட்டைப் பிடிக்கப் போகும். போக விடாதீர்கள். விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து, குழல் இலக்குப் பக்கமே இருக்க, மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அவர் பார்க்கும் முன் நீங்கள் திறந்துவிட்டால் தோட்டாவின் குற்றம் உங்கள் குற்றமாகிவிடும்; மறுவாய்ப்பு கிடையாது. கூடு வெளியேறாமல் மாட்டியிருந்தாலோ, வெடிக்காத தோட்டாவில் ஊசி குத்திய தடம் இருந்தாலோ பொதுவாக உங்கள் பக்கம்தான் தீர்ப்பு வரும். தவறான தோட்டா போட்டிருந்தாலோ, ஏற்ற மறந்திருந்தாலோ வராது. 2012 லண்டன் ஒலிம்பிக் ரேபிட் ஃபயரில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய இறுதிச் சுற்றை எடுத்துப் பாருங்கள். 4 விநாடிக்கு 5 குண்டு வீதம் 40 குண்டு, அதில் 30 இலக்கில். அந்த 4 விநாடிக்குள் ஜாம் எடுத்துச் சரிசெய்ய யாராலும் முடியாது. அந்த மட்டத்தில் சுடுகிறவர்கள் அந்த வேலையை வீட்டில், தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போதே முடித்துவிட்டு வருகிறார்கள்.

9. சத்தம் 'டப்' என்று அடங்கிக் கேட்டாலோ, உதை இல்லாமல் போனாலோ அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம். குழல் வீங்கிவிட்டால் அந்தக் குழல் அவ்வளவுதான். சத்தமே வராவிட்டால் குழலை இலக்குப் பக்கம் வைத்தபடி 30 விநாடி காத்திருங்கள். தாமதித்து வெடிக்கிற தோட்டா உண்டு. கண்ணாடி போடாமல் பிஸ்டல் பக்கம் வராதீர்கள்.

10. வெடிக்காத தோட்டாவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் பழக்கம் வேண்டாம். ரேஞ்சிலேயே ஒப்படைத்துக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் போட்டிக்குக் கிளம்பும்போது ஆயுதமும் தோட்டாவும் முன்கூட்டிச் சொல்லி, உரிமத்தைக் காட்டி, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். தோளில் மாட்டும் பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு .22 தோட்டா போதும், விமான நிலையத்தில் ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஆயுதச் சட்டம், போலீஸ், தவறிப்போன விமானம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எல்லா ஜிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிடுங்கள்.