முதலில் பசியைக் கேட்பார்கள்

முழங்கால் வலிக்காகத்தான் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்தது கடைசியில்தான். பசி, தூக்கம், மலம் கழிவது, வேர்வை, காரம் எவ்வளவு சேர்ப்பேன் என்று அதற்கு முன்னால் விசாரித்துக்கொண்டே இருந்தார். "வலி இருக்கட்டும். பசிச்சுச் சாப்பிடறீங்களா, மணி பார்த்துச் சாப்பிடறீங்களா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வாதம், பித்தம், கபம் என்ற பேச்சு நம் வீடுகளில் புதிதில்லை; சித்த மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. ஆயுர்வேதம் இவற்றோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அக்னியை, அதாவது செரிக்கும் சக்தியை. ஒருநாள் நன்றாகப் பசித்து மறுநாள் வயிறு உப்பிக்கொண்டால் அது விஷம அக்னி, வாதத்தோடு சேர்ந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பசித்து நெஞ்சு எரிந்தால் தீட்சண அக்னி, பித்தம். காலையில் தின்றது மாலைவரை கல்லாகக் கிடந்தால் மந்த அக்னி, கபம். வேளைக்குப் பசித்து வேளைக்குச் செரித்தால் சம அக்னி. எனக்கு முதல் வகை. அதனால் எனக்குக் கொடுத்த முதல் மருந்தே வயிற்றுக்குத்தான்.

சரியாகச் செரிக்காமல் மிஞ்சுவதை ஆமம் என்கிறார்கள். அது மூட்டில் போய்த் தங்கும் என்பது அவர்கள் கொள்கை. நம்மூரில் மூட்டு வலித்தால் கை தானாகவே தைலக் குப்பிக்குப் போகும். ஆனால் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது எண்ணெய் தேய்க்கவே கூடாது என்றார் வைத்தியர். முதல் சில நாள் மருந்துப் பொடியை வறுத்துத் துணியில் கிழியாக முடிந்து, எண்ணெய் தொடாமல் ஒத்தடம் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் தைலம். கபம் மிகுந்திருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் எண்ணெய் தேய்ப்பு வேண்டாம் என்பது நூலிலேயே இருக்கிற விதி. சனிக்கிழமை வந்துவிட்டது என்பதற்காகச் சளியோடு எண்ணெய் முழுக்குப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த நூல் வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம். கேரள வைத்தியர்களுக்கு அதுதான் முதல் ஆதாரம். வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு நீர், மிச்சக் கால் பங்கு காற்றுக்கு என்று அது அளவு சொல்கிறது. உடற்பயிற்சியையும் பாதி பலத்தோடு நிறுத்தச் சொல்கிறது. நெற்றியிலும் அக்குளிலும் வேர்வை அரும்பினால் போதும் என்பது கணக்கு. முழங்காலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நடப்பதைவிட இது எனக்கு ஒத்து வந்தது. சாப்பாட்டு அளவுதான் கடினம். விருந்து வீட்டில் இலையை மடிப்பதற்கு மனபலம் வேண்டும்.

கஷாயம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் குப்பியில் வருவது சுண்டக் காய்ச்சியது. 15 மி.லி. கஷாயத்தில் அதைப்போல் மூன்று பங்கு, அதாவது 45 மி.லி., காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார்கள். அப்படியே விழுங்கிவிட்டு வயிறு எரிகிறது என்று பாதியில் விட்டவர்களைத் தெரியும். அரிஷ்டம் வேறு வகை: வெல்லமோ தேனோ சேர்த்துப் புளிக்கவைத்தது, இயற்கையாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. லேகியத்திலும் வெல்லம், சர்க்கரை தாராளம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே எடுக்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளின் சீட்டையும் காட்ட வேண்டும். அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. என் வைத்தியரும் நிறுத்தச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து வரச் சொன்னதே அவர்தான். தேய்மானமா முடக்குவாதமா என்று தெரியாமல் மருந்து முடிவு செய்ய மாட்டேன் என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது என்று 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. சீந்தில், அசுவகந்தா சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் வாங்காதீர்கள். பஸ்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைப் படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர் எழுதிக் கொடுத்தாலொழியத் தொடவே வேண்டாம். நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, எலும்பு முறிவு, விடாத காய்ச்சல் என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பத்தியத்தை நிறையப் பேர் மருந்துக்குத் துணை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிச் சிகிச்சையே அதுதான். ராத்திரி தயிர் கிடையாது, பகல் தூக்கம் கிடையாது, குளிர்ந்த தண்ணீர் கிடையாது, கண் விழிக்கக் கூடாது. கிழியும் தைலமும் எத்தனை நாளோ, வீட்டுக்கு வந்த பிறகும் அத்தனை நாள் இதையே தொடரச் சொன்னார்கள். ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது வைத்தியசாலையில் தங்கும் நாட்களை மட்டும் கணக்கிட்டு லீவு போடாதீர்கள். அதற்கடுத்த வாரங்களில் கல்யாணம், நெடும்பயணம், இரவு வேலை எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைப்பவரிடம் பத்தியச் சீட்டை முன்கூட்டியே கொடுத்துப் பேசிவிடுவதும் நல்லது. எல்லோருக்கும் ஒரு சமையல், உங்களுக்கு ஒரு சமையல் என்று நீண்டநாள் ஓடாது.