எறியும் முன் திறந்து பார்ப்போம்

தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் என்னும் முருகன் கோயில் இருக்கிறது. இந்தப் பகுதியில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். வீட்டு வேலை செய்பவர்.

ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"வேலை செய்யும் வீட்டில் பழைய டி.வி. கேம் கொடுத்தார்கள், தம்பி. இப்போது ரிமோட்டில் ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை. புதிது வாங்கித் தா என்று மகன் அழுகிறான். இல்லாவிட்டால் கடைக்குப் போய்க் காசு கொடுத்து ஆடுவானாம். நான் எங்கே போவேன்?"

"நாளை கொண்டு வாருங்கள். திறந்து பார்ப்போம்" என்றேன்.

1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துச் செய்த பெட்டிகள் 1990-களில் நம் நாட்டில் ஏராளமாக விற்றன. அவற்றை டி.வி.யில் இணைத்து ஆடுவார்கள். கையில் பிடித்து அழுத்தும் பகுதிதான் ரிமோட்.

மறுநாள் ரிமோட்டைத் திறந்தோம். பொத்தானுக்குக் கீழே ரப்பர் இருந்தது. ரப்பரின் அடியில் கரிப் பொட்டு இருந்தது. அதற்கும் கீழே ஒரு தகடு. தகட்டில் இரண்டு கோடுகள். நாம் அழுத்தும்போது கரிப் பொட்டு இரண்டு கோடுகளையும் தொடும். வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை போட்டது போல, மின்சாரம் கடந்து போகும். அழுக்குப் படிந்தாலும் கரி தேய்ந்தாலும் மின்சாரம் போகாது.

செய்முறை

1. ரிமோட்டைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள்.
2. சிறிய திருப்புளியால் திருகுகளைக் கழற்றுங்கள். அவற்றை ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.
3. தகட்டை உலர்ந்த பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள்.
4. கரிப் பொட்டை வெள்ளைத் தாளில் லேசாகத் தேய்த்து அழுக்கை எடுங்கள்.
5. அப்படியும் வேலை செய்யவில்லையா? சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கரிப் பொட்டின் அளவுக்கு வெட்டுங்கள். இருபுறமும் ஒட்டும் டேப்பால் அதைக் கரிப் பொட்டின் மேல் ஒட்டுங்கள்.
6. தாள் உதிர்ந்து தகட்டில் விழக்கூடாது. விழுந்தால், அழுத்தாமலே பொத்தான் வேலை செய்யும்.

எச்சரிக்கை

சுவரில் செருகும் அடாப்டரைத் திறக்காதீர்கள். டி.வி.யையும் திறக்காதீர்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது உயிரைப் பறிக்கும்.

அக்கா அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த எண்களை எழுத்துக் கூட்டுவது போல விரல் வைத்துப் படித்தார். "இதைத் தொடக்கூடாது" என்று மகனிடம் சொன்னார்.

ரிமோட்டை அவரே மூடினார். மகன் பொத்தானை அழுத்தினான். டி.வி.யில் பொம்மை குதித்தது. அவனும் குதித்தான். செலவு இல்லை.

அதே வாரம் அக்கா தன் வீட்டு டி.வி. ரிமோட்டையும் சரிசெய்தார். அதிலும் ரப்பரும் கரியும்தான்.

எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. முடியாததைத் தீயில் போடாதீர்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் நச்சுப் புகை வரும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை?
2. எதைத் திறக்கக்கூடாது? ஏன்?
3. உங்கள் வீட்டு அடாப்டரில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.