பாதிச் சுவெட்டரும் பை நிறைய ஊலும்

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அந்தக் குளிருக்கென்று கார்த்திகையில் ஊசியில் ஏற்றிய சுவெட்டர், பங்குனி வந்தும் ஒரு கை இல்லாமல் பையில் கிடந்தால் அடுத்த பனிக்கு யாருக்கும் உதவாது. பிள்ளை அதற்குள் வளர்ந்திருக்கும். நேரமில்லை என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம். அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நேரம் மட்டுமே காரணமென்றால் வேலை எந்த இடத்திலும் நின்றிருக்கலாம். ஆனால் நின்றுபோன பின்னல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன: முதுகு முடிந்திருக்கும், முன்பக்கம் முடிந்திருக்கும், ஒரு கையும் முடிந்திருக்கும். மிச்சம் இரண்டாவது கை, கழுத்துப் பட்டி, அல்லது மூட்டுத் தையல். கை தானாக ஓடுகிற வேலை தீர்ந்து, அளந்து யோசிக்க வேண்டிய இடம் வந்ததும் பை மூடப்படுகிறது. ஊல் குவிவதும் இதனால்தான். முடிவு சொல்லாத ஒவ்வொரு வேலைக்கும் “தேவைப்படும்” என்று நாலு உருண்டை ஒதுங்கிவிடுகிறது. ஆகவே முதலில் நின்றுபோன வேலைகளைத் தீர்க்க வேண்டும், ஊலைத் தரம் பிரிப்பது அதற்குப் பிறகு. பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்கி, உருண்டைகளை நிறம் நிறமாக அடுக்குகிறார்கள். பாதி வேலைகள் அப்படியே இருப்பதால் ஒரு மாதத்தில் அடுக்கு மறுபடி குலைகிறது.

நுவரெலியா பேல் பஜாரில் ஜக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கான மேலுடுப்பு என்றால் நானும் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் இங்கே பேச்சு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி, முக்கால்வாசி பின்னியும் விட்ட உடுப்பைப் பற்றியது. அதன் செலவு போய்விட்டது, மிச்சம் சில மணி நேரம்தான். பழைய லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அதற்குள் நடக்கும்போது, யாரும் போடாத சுவெட்டர்களுக்கு மூன்று பை இடம் கொடுப்பதும் ஒரு செலவுதான்.

மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பைகளையும் ஒரே பாயில் கொட்டுங்கள். ஊசியில் நிற்பவற்றை ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஊல் மற்றப் பக்கம் இருக்கட்டும். யாருக்காகப் பின்னினீர்களோ அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் அளவைப் பற்றி எடுக்கிற முடிவு எதுவும் நிற்காது.

இனிதான் எல்லோரும் தடுக்கி விழும் படி. ஒவ்வொரு வேலைக்கும் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும்: முடிப்பதா, பிரிப்பதா? பிள்ளையின் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். பின்னிய துண்டின் அகலத்தை இரண்டால் பெருக்கினால், அது நெஞ்சளவைவிட 5 சென்ரிமீற்றராவது கூடியிருக்க வேண்டும். குறைந்தால் பிரிக்க வேண்டியதுதான். இரக்கத்துக்கு இடமில்லை. “தங்கச்சிக்கு ஆகும்” என்பது அந்தத் தங்கச்சி பிறந்து வளர்ந்து கண்முன் நின்றால் மட்டுமே செல்லும். அளவு சரியென்றால் மிச்ச வேலையைக் கணக்குப் பாருங்கள். ஒரு வரிக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பின்னி, மிச்ச வரிகளால் பெருக்குங்கள். பிள்ளைச் சுவெட்டரின் கை 100 வரி, வரிக்கு 2 நிமிடம் என்று வைத்தால் 200 நிமிடம். நாளுக்கு 20 நிமிடம் கிடைத்தாலும் 10 நாளில் கை முடிந்துவிடும். ஒரு வருடம் கிடந்த வேலைக்குத் தேவைப்பட்டது 10 நாள்தான் என்று தெரிந்த பிறகு நேரத்தின் மேல் பழி போடுவது கடினம்.

முடிப்பதென்று தீர்ந்தவற்றில் இன்னொரு பொறி இருக்கிறது: ஊசி இலக்கம். வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகளில் பிரித்தானிய இலக்கம்தான் பொறித்திருக்கும். அதில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25 மில்லிமீற்றர். அமெரிக்க முறையில் இலக்கம் கூடினால் ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீற்றர். யூடியூபில் சொன்ன அமெரிக்க இலக்கத்தில் ஒரு கையைப் பின்னி, மறு கையை அதே இலக்கமுள்ள பழைய ஊசியில் பின்னினால் இரண்டு கையும் இரண்டு பிள்ளைகளுடையவை போல வரும். பலர் தம் கைப்பழக்கம் சரியில்லையென்று வேலையைக் கைவிடுவது இதனால்தான், தவறு கையில் இல்லை. ஊசியின் குறுக்களவை மில்லிமீற்றரில் அளந்து ஒரு கடதாசியில் எழுதிப் பின்னலோடு கட்டிவிடுங்கள். முடித்த கையின் வரிகளை எண்ணி அதையும் எழுதுங்கள். இது இல்லாமல் எந்த வேலையையும் பையில் போடக்கூடாது.

பிரிப்பதற்கு மனம் வராது, தெரியும். ஆனால் பிரித்தால் போவது உழைப்பு மட்டும், அது எப்படியும் திரும்பாது. ஊல் திரும்பக் கிடைக்கிறது. முதலில் மூட்டுத் தையல்களை அறுத்துத் துண்டுகளைத் தனியாக்குங்கள். கண்ணி ஏற்றிய தொடக்க முனையிலிருந்து இழுத்தால் சிக்கும், கண்ணி மூடிய முனையிலிருந்து இழுத்தால் ஓடிவரும். பேல் பஜார் கம்பளிச் சுவெட்டரைப் பிரித்து நல்ல ஊல் எடுக்க நினைப்பவர்கள் வாங்குமுன் உட்பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். ஓரம் ஓவர்லொக் அடித்திருந்தால் அது வெட்டித் தைத்த துணி, பிரித்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாக வரும். ஓரத்தில் கண்ணிகள் சங்கிலிபோல வெட்டுப்படாமல் ஓடினால் முழு நூலும் கிடைக்கும். ஆனால் கையில் இருப்பது தீரும்வரை ஊலுக்காக அங்கே போவது எனக்குச் சம்மதமில்லை.

பிரித்த நூலை அப்படியே உருண்டையாகச் சுற்றாதீர்கள். நெளிவு போகாத நூலில் பின்னினால் கண்ணிகள் மேடும் பள்ளமுமாக வரும். கதிரையின் முதுகில் தளர்வாகச் சுற்றி, வேறு நிற நூலால் நான்கு இடத்தில் கட்டி எடுங்கள். பிறகு அது எந்த நூல் என்று பார்க்க வேண்டும். விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய பீங்கானுக்கு மேலே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கொளுத்துங்கள். உண்மையான கம்பளி தலைமயிர் கருகும் நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான கறுப்பு மணியாக இறுகும். கம்பளியை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல், முறுக்காமல், துவாயில் சுருட்டி அழுத்தித் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். சுடுதண்ணீரில் கசக்கினால் அது சுருங்கித் தடித்துப்போகும், பிறகு எந்த வைத்தியமும் இல்லை. அக்ரிலிக்குக்கு ஊறல் மட்டும் போதாது. கேத்தல் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆவி காட்ட வேண்டும், அதுவும் சில விநாடிதான். கூடினால் நூல் உயிரில்லாமல் தொய்ந்துவிடும்.

மலையில் பெரிய சோதனை காய வைப்பதுதான். அவசரத்தில் பலர் நூலை அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். கம்பளியில் புகை ஏறும், அக்ரிலிக் உருகும். அட்டன் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அதன் பிறகும் மழை விடுவதில்லை. வெயில் நம்பிக்கையாகக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஆகவே பிரிப்பதும் கழுவுவதும் மாசி, பங்குனியில். பின்னுவது மழைமாதங்களில், வீட்டுக்குள். உடுப்பு மார்கழிக்குள் கைக்கு வர வேண்டும். கார்த்திகையில் தொடங்கும் வழக்கத்தை விட்டாலே பாதி வேலைகள் நின்றுபோகாது. காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டிய ஊல் பூஞ்சணம் பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பிள்ளை உடுப்பைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். போட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம், அடுத்த வருடம் கீழ் ஓரத்தைத் திறந்து நீட்டலாம். நின்றுபோன துண்டுகளிலும், தோள்மூட்டை மட்டும் தைத்துவிட்டு, கைக்குழியின் ஓரத்தில் கண்ணி எடுத்துக் கையைக் கீழ்நோக்கிப் பின்னுங்கள். வேலையை நிறுத்துகிற மூட்டுத் தையல் பாதியாகக் குறையும். நூல் போதுமா என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: சாதாரணப் பின்னலில் ஒரு வரிக்கு அதன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நூல் தேவை, கண்ணி மூட நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, வீடு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அந்த 20 நிமிடம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குத் திறமான குறிப்பு ஒன்றும் பதிலாகாது. வீட்டில் மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்தான் அது கிடைக்கும். சுவெட்டர் வீட்டுக்கு என்றால் தேத்தண்ணி ஊற்றுவதும் பிள்ளையின் பாடம் பார்ப்பதும் அந்த நேரத்துக்கு அப்பாவின் வேலை. பின்னுபவர் பங்குக்கு வரியின் நடுவில் எழும்பக்கூடாது. பிள்ளை அழுதாலும் அந்த வரியை முடித்துக் கடதாசியில் ஒரு கோடு போட்டுவிட்டு எழும்புங்கள், ஒன்றிரண்டு நிமிடம்தான் கூடும். ஊசியில் இரண்டு வேலைக்கு மேல் இருக்கக்கூடாது: எண்ண வேண்டிய ஒன்று, எண்ண வேண்டாத ஒன்று.

இப்போது ஊல்: மிஞ்சியதைக் கொடுத்துவிட வேண்டும். இறக்குமதிச் சாமான், 2022இல் ரூபாய் விழுந்தபோது விலை எங்கே போனது என்று தெரியும், இதை எப்படிக் கொடுப்பது என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பூஞ்சணமும் எலியும் விலை கேட்டுக் கடிப்பதில்லை. மூடியுள்ள ஒரு பெரிய பிஸ்கட் டின், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைத்து எடையையும் நூல் வகையையும் எழுதிச் செருகுங்கள். பெயர் சொல்ல முடிகிற ஒருவருக்கான உடுப்புக்குப் போதுமான எடை இருந்தால் டின்னுக்குள் போகட்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத் தையல் வகுப்புக்கோ பின்னத் தெரிந்த பக்கத்துக் காம்பராவுக்கோ கொடுத்துவிடுங்கள். கம்பளி என்று தெரிந்ததை மட்டும் கடைசியாகக் கொடுங்கள். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்தும் அது உடம்புக்கு நனைந்ததாகத் தெரியாது. முன்னோர் மழைக்குத் தலையில் கறுப்புக் கம்பளியைப் போட்டு மலையில் நின்றதில் அந்தக் காரணமும் உண்டு. அடுப்போரம் தவழும் பிள்ளைக்கும் கம்பளிதான். தீப்பொறி பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும்.

50 கிராமுக்குக் குறைந்த மிச்சங்கள் பிறந்த பிள்ளைகளின் தொப்பிக்கும் மேசுக்கும் ஆகும். எடை குறைந்து பிறக்கும் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில், பிள்ளையின் மேல் இருப்பது தொப்பி, மேசு, அணையாடை மட்டும்தான். நாடா, குஞ்சம், பொத்தான் எதுவும் வைக்காதீர்கள். மேசின் உள்ளே தொங்கும் நூல் சின்ன விரலைச் சுற்றி இறுக்கிவிடும். கொடுக்கும் முன் மருத்துவ மாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொப்பிகளுக்கு நாள் குறிப்பது எளிது. டிசெம்பரில் உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும். நல்லதண்ணியிலிருந்து இரவில் 2,243 மீற்றர் உச்சிக்கு ஏறப்போகிற உங்கள் வீட்டு ஆட்களுக்குக் காது மூடும் தொப்பி தேவைப்படும். அதற்கு முந்திய ஞாயிறு ஊசிகள் காலியாக இருக்க வேண்டும், நுனி நூல்கள் எல்லாம் உட்பக்கம் கோர்த்து வெட்டியிருக்க வேண்டும்.