பள்ளிப் பருவத்தில் நட்பும் பகுதிநேரப் பணியும்

முன்னுரை

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் படிப்புடன் பகுதிநேரப் பணியும் மேற்கொள்கின்றனர். வறுமையால் செல்வோரும் உளர். கைச்செலவுக்காகச் செல்வோரும் உளர். இப்பணி நன்றா, தீதா எனப் பெற்றோரும் ஆசிரியரும் வாதிடுவது வழக்கம். அப்பணி மாணவனின் நட்பை என்ன செய்கின்றது என்று கேட்போர் சிலரே. அவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் காட்டும் வழி

திருக்குறளில் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியன. நட்பின் இலக்கணம் கூறியவுடன் வள்ளுவர் நட்பாராய்தலை வைத்த முறைமை எண்ணத்தக்கது. பகுதிநேரப் பணிக்கும் இவ்வாராய்ச்சி வேண்டும். ஏனெனில், பள்ளி மாணவனுக்கு வேலை பெரும்பாலும் விளம்பரத்தால் கிடைப்பதில்லை. நண்பன் வாயிலாகவே கிடைக்கின்றது. நண்பனைத் தேர்பவன் வேலையையும் சேர்த்தே தேர்கின்றான்.

இராமேசுவரத்துச் சான்று

1931இல் பிறந்து, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ.பி.ஜே. அப்துல் கலாம், தம் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் இளமைக்கால உழைப்பையும் நட்பையும் ஒருசேரக் கூறுகின்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரம் நிலையத்தில் தொடர்வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. நாளிதழ்க் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. நாளிதழ் முகவராக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அவற்றைப் பிடித்துத் தர ஆள் வேண்டியிருந்தது. சிறுவர் கலாம் அப்பணியை ஏற்றுத் தம் முதல் ஊதியத்தைப் பெற்றார்.

இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் ஆகிய மூவரும் அவருடைய நெருங்கிய தோழர். மூவரும் அந்தணர் குடும்பத்தினர். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், இராமநாதன் அருகில் இருந்த கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். இராமநாதன் அழுதார். அவருடைய தந்தையாரும் கோயிலின் தலைமை அர்ச்சகருமான இலட்சுமண சாஸ்திரி, அவ்வாசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார்.

சிறுவயதிலேயே வேலைக்குச் செல்லலாம் என்பதற்கு இது சான்றன்று, அக்காலம் வேறு. உழைத்து ஊதியம் பெற்ற சிறுவனுக்கு வகுப்பில் அருகமர்ந்த தோழன் இருந்தான். அந்த இடம் பறிபோனபோது அதனை மீட்டுத் தர ஒரு பெரியவரும் இருந்தார் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

கிணத்துக்கடவில் இன்று

கோவை–பொள்ளாச்சிச் சாலையில் அமைந்த கிணத்துக்கடவு, தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து கேரளத்திற்கும் சரக்குச் செல்கின்றது. இத்தகைய சந்தையூர்களில் மாணவர்க்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தக்காளி 'டிப்பர்' தூக்குதல், நாளிதழ் போடுதல், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுதல், முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறுதல் எனப் பலவுண்டு.

பந்தி வேலைக்கு ஒருவன் அழைக்க ஐவர் செல்கின்றனர். நேரந்தவறாமை, பெரியோரிடம் பேசும் முறை, பணத்தின் அருமை ஆகியவற்றை அங்கே கற்கின்றனர். ஒருவன் களைத்தால் மற்றவன் அவன் வரிசையையும் பார்த்துக் கொள்கின்றான். இது பணியால் வளரும் நட்பு.

மறுபுறமும் உண்டு. ஊதியம் பெறுபவன் பேக்கரியில் தாராளமாகச் செலவிட, பெறாதவன் கூச்சத்தால் ஒதுங்குகின்றான்; அன்றிக் கடன்படுகின்றான். இரவுப் பந்தி முடித்தவன் மறுநாள் வகுப்பில் உறங்குகின்றான். நாளடைவில் வகுப்புத் தோழர் விலக, வயதில் மூத்த வேலைத்தோழரே எஞ்சுகின்றனர். வருகைப் பதிவேட்டில் பெயர் நீங்குமுன்னரே அவன் தோழர் கூட்டத்திலிருந்து நீங்கிவிடுகின்றான்.

சட்டம் கூறுவது

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதோரை வேலைக்கு அமர்த்தலாகாது; பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுதல் போன்ற சில விலக்குகளே உண்டு. 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. பிற வேலைகளிலும் தொடர்ந்து மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது; இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. இரவு வரவேற்பும் விடியற்காலைச் சந்தையும் இந்நேரத்திலேயே அமைகின்றன என்பதை ஊர்ப் பெரியோர் கருத வேண்டும்.

முடிவுரை

மாணவனை வகுப்புத் தோழரோடு இணைத்து வைக்கும் பணி நற்பணி. பிரிக்கும் பணி, ஊதியம் மிகுந்ததாயினும், தீப்பணியே. 'எவ்வளவு கிடைத்தது?' எனக் கேட்கும் பெற்றோர், 'யாருடன் சென்றாய்?' எனவும் கேட்டல் வேண்டும். வகுப்பில் உறங்கும் மாணவனைக் கடியுமுன் ஆசிரியர் அவன் இரவை அறிதல் வேண்டும். மாணவர்களே, உங்கள் அருகில் இருந்த தோழன் சில நாள் வரவில்லையெனில் அவன் வீடு தேடிச் செல்லுங்கள். விடுபட்ட பாடத்தை எடுத்துக் கூறுங்கள். அன்று இராமேசுவரத்தில் ஒரு பெரியவர் செய்ததை இன்று உங்களாலும் செய்ய இயலும்.